இடப்பக்கம் ஓட்டினால் பரிசு, வழி தவறினால் காற்றாலை

பண்டாரவளையில் இருக்கும் சித்தி மகன் கேட்டான்: "அண்ணே, ஸ்விட்ச்ல பர்ன்அவுட் பாரடைஸ் விலை இறங்கியிருக்கு, எடுக்கவா?" ஸ்விட்ச் என்பது கையிலும் டிவியிலும் ஆடக்கூடிய நின்டெண்டோ கேம் கன்சோல், பர்ன்அவுட் பாரடைஸ் ஒரு கார் ரேஸ் கேம். அவனுக்குப் பதில் சொல்வதற்காகவே மறுபடி இறக்கி ஆட ஆரம்பித்தேன். பதில் இன்னும் போகவில்லை.

2008இல் கிரைட்டீரியன் நிறுவனம் செய்த கேம், 2018இல் மெருகேற்றி ரீமாஸ்டர்ட் ஆனது, 2020 ஜூனில் ஸ்விட்சுக்கு வந்தது. பிக் சர்ஃப் ஐலண்ட் உட்பட பழைய கூடுதல் பகுதிகள் சேர்ந்தே கிடைக்கும். வினாடிக்கு 60 பிரேம். கையில் வைத்து ஆடினாலும் அந்த வேகம் குறைவதாகத் தெரியவில்லை. இந்த வயதான கன்சோலில் அது சின்ன விஷயமில்லை. தனியாக ஆட இன்டர்நெட் சிக்னல் தேவைப்படாது. தலவாக்கலை தாண்டி மலைக்குள்ளே இருப்பவர்களுக்கு இதுதான் முதல் தகுதி.

எனக்குப் பிடித்தது, விளம்பரத்தில் யாரும் சொல்லாத ஒன்று. கேம் நடக்கும் பாரடைஸ் சிட்டி அமெரிக்க ஊர், வண்டிகள் வலப்பக்கம் போகும். நமக்குக் கை தானாக இடப்பக்கம் திருப்பும். வேறு கேமில் அப்படிப் போனால் மோதிச் சாக வேண்டியதுதான். இங்கே எதிரே வரும் வண்டிகளை உரசாமல் உரசிக்கொண்டு போனால் பூஸ்ட், அதாவது வண்டியைப் பாய வைக்கும் கூடுதல் வேகம், நிரம்பும். லைசன்ஸ் எடுக்கும்போது நமக்குச் சொல்லித்தந்த ஒழுங்கான பக்கம், அங்கே குற்றமாகி, அந்தக் குற்றத்துக்குப் பரிசும் கிடைக்கிறது! நம்ம பக்கத்து பிரைவேட் பஸ் டிரைவர் எவருக்காவது இதைக் கையில் கொடுத்தால் பயிற்சியே தேவைப்படாது என்று நினைக்கிறேன். ஊர் முழுக்க ஒரு மனிதர்கூட இல்லை, வண்டிகளுக்குள்ளும் ஆளில்லை. அதனால் மனசாட்சியும் உறுத்தாது.

இனி எரிச்சல். பந்தயம் தொடங்க ஏதாவது ஒரு சிக்னல் விளக்கின் அடியில் நின்று ஆக்சிலரேட்டர், பிரேக் ஆகிய இரண்டு ட்ரிகர் பட்டன்களையும் சேர்த்து அழுத்த வேண்டும். முடியும் இடம் 8 முனைகளில் ஒன்று. நடுவில் எந்த வழியாகப் போவது என்பது நம் பாடு. சாலையில் கோடு போட்டுக் காட்ட மாட்டான். திரும்ப வேண்டிய தெருவின் பெயர் திரைக்கு மேலே மின்னும், காரின் சிக்னல் லைட் சிமிட்டும், மூலையில் ஒரு சின்ன வரைபடம். டிவியில் இது அழகு. கையில் இருக்கும் 6.2 அங்குலத் திரையில், அதுவும் பூஸ்ட் போட்டு எல்லாம் மங்கலாகி ஓடும்போது, அந்த எழுத்தைப் படிக்கக் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தால் தூண். தூணில் மோதியதை ஆற அமர ஸ்லோ மோஷனில் வேறு காட்டுவான்.

விரலால் பெரிதாக்கிப் பார்க்கும் வரைபடம் ஸ்விட்சுக்கென்றே சேர்த்திருக்கிறார்கள், நல்ல வேலைதான். ஆனால் பந்தயத்தின் நடுவில் விரலை யார் எடுப்பது? மஞ்சள் கேட்டை உடைத்துப் போகும் குறுக்கு வழிகள் இந்தக் கேமின் உயிர். தெரு மனப்பாடம் ஆனவனுக்குத்தான் அவை. நானோ ஹட்டன் ஆள். எங்கள் பக்கம் நுவரெலியாவுக்குப் போக ஏ7 சாலையைப் பிடித்தால் போதும், வளைவுகளே கொண்டுபோய் விட்டுவிடும். கட்டம் கட்டமாகத் தெரு போட்ட ஊரில் எனக்கு இன்றுவரை திசை பிடிபடவில்லை.

அந்த 8 முனைகளில் எல்லாவற்றிலும் மோசம் மேற்கே மலை மேல் இருக்கும் வின்ட் ஃபார்ம் என்ற காற்றாலைப் பக்கம். அங்கே தோற்றால் வெறும் மலைச் சாலையில் அடுத்த பந்தயம் தேடி இறங்கி வர வேண்டும். பாதியிலேயே தோல்வி தெரிந்தால் மெனுவில் மறுபடி தொடங்கலாம் என்பது உண்மை. கோட்டைத் தாண்டும்வரை நம்பிக்கை விடாதவனுக்கு அது உதவாது.

ஸ்விட்சின் ட்ரிகர் அழுத்தினால் முழுசு, விட்டால் ஒன்றுமில்லை. பாதி ஆக்சிலரேட்டர் என்ற பேச்சே கிடையாது. குறை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இந்தக் கேமில் யார் பாதி அழுத்தப் போகிறார்கள்? கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து ஆட வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். திரையில் ஒரு வளைவு, வெளியே ஒரு வளைவு, வயிறு இரண்டுக்கும் ஒத்துவராது.

வேகம், மோதல், கைக்கு அடக்கமாக ஒரு முழு ஊர் என்று பார்த்தால், கையில் வைத்து ஆடும் ரேஸ் கேம்களில் இதை மிஞ்சியது என்னிடம் வேறில்லை. சித்தி மகன் வைத்திருப்பது ஸ்விட்ச் லைட் என்ற சின்ன மாடல், திரை 5.5 அங்குலம்தான், டிவியோடு இணைக்கவும் வழியில்லை. அதைக்கூட விடுங்கள். நேற்று ராத்திரி வின்ட் ஃபார்முக்குக் கடைசித் திருப்பத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவன், தெருப் பெயரைப் படிக்கப் போய் நேரே போய்விட்டேன். ஆகவே இன்றைய பதில்: எடுக்காதே தம்பி. தள்ளுபடி முடிவதற்குள் கோபம் தணிந்தால் மறுபடி மெசேஜ் போடுகிறேன்.