6,400 ரூபாயில் தொடங்கிய மாடித்தோட்டம்: நான்கு ஆடி கழித்து ஒரு கணக்கு

மதுரை அய்யர் பங்களா பக்கம் எங்கள் வீடு. 2022 ஆடியில் மாடியில் காய்கறி போட ஆரம்பித்தேன். முதல் ஆறு மாதத்தில் ஆன செலவு 6,400 ரூபாய். நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருப்பதால் மறைக்க வழியில்லை. அதில் கிட்டத்தட்ட பாதி வீண். தண்ணீர் ஊற்றத் தெரியாமல் போன பணம் கொஞ்சம்தான். எதில் சிக்கனம் பிடிக்க வேண்டும், எதில் பிடிக்கக் கூடாது என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதால் போனதுதான் அதிகம்.

முதலில் புத்தகம். செடி வாங்கும் முன்பே புத்தகம் வாங்கும் ஆள் நான். வழவழப்பான தாளில், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம் போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்றை 850 ரூபாய்க்கு வாங்கினேன். படங்கள் இன்றைக்கும் அழகுதான். ஆனால் தக்காளி நாற்றைக் கடைசி உறைபனி முடிந்ததும் வெளியே நடச் சொல்கிறது. சித்திரையில் வெறுங்காலோடு மாடியில் நிற்க முடியாத ஊரில் எந்தப் பனிக்குக் காத்திருப்பது? வெயில் விழும் பக்கமாகப் பார்த்து வை என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் சொல்லும் புத்தகம், வெயிலிலிருந்து செடியை எப்படிக் காப்பாற்றுவது என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அவர் தன் ஊருக்கு எழுதினார், நான் என் ஊருக்கு வாங்கிவிட்டேன்.

அடுத்து, தமுக்கம் மைதானத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவில் 10 சதவீதத் தள்ளுபடியில் இரண்டு தமிழ்ப் புத்தகங்கள். இரண்டும் சேர்த்து 250 ரூபாய்க்குள். ஒன்றில் எங்கே திறந்தாலும் "தேவையான அளவு" என்று இருந்தது. தேவையான அளவு தெரிந்திருந்தால் நான் ஏன் புத்தகம் வாங்கப் போகிறேன்? மற்றது ஒல்லியானது, படங்கள் மங்கல், அச்சுப் பிழை ஏராளம். ஆனால் எந்தக் காய்க்கு எந்தப் பட்டம் (விதைக்கும் பருவம்), செடி வளர்க்க எவ்வளவு பெரிய பை, எத்தனையாவது நாள் பூக்கும் என்று இருந்தது. அட்டை கிழிந்து செல்லோ டேப் ஒட்டி இன்றும் பயன்படுத்துகிறேன்.

மூன்றாவதாக, வேளாண் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்புகள். இலவசமாகவே படிக்கலாம், நம்பகமானவை. ஆனால் வயலுக்கு எழுதப்பட்டவை என்பதை நான் மறந்துவிட்டேன். எக்டேருக்கு 25 டன் தொழுவுரம் என்று பார்த்ததும் கணக்குப் போட்டேன்: சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. என் பையின் வாய் ஒரு சதுர அடிதானே, அப்படியானால் கால் கிலோ போதும்! தக்காளி முழங்கால் உயரத்தில் வெளிறி நின்றுவிட்டது. வயலில் வேர் சாப்பாட்டைத் தேடிக் கீழேயும் பக்கத்திலும் போகும். பைக்குள் எங்கே போகும்? போதாக்குறைக்குத் தினமும் ஊற்றும் தண்ணீரில் பாதிச் சத்து அடித்துளை வழியாக வடிந்துவிடுகிறது. இப்போது பையில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய எரு. அப்புறம் 15 நாளுக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு.

இப்போதெல்லாம் தோட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நேராகக் கத்தரிக்காய்ப் பக்கத்துக்குப் போகிறேன். மாதம் சொல்லியிருக்கிறதா, பை அளவு சொல்லியிருக்கிறதா, காய்ப்புழு வந்தால் என்ன செய்ய, எத்தனை மில்லி என்று சொல்லியிருக்கிறதா. மூன்றும் இருந்தால் தாள் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் சரி. வாங்கும் முன் நத்தம் ரோட்டில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் புரட்டிப் பார்த்துவிடலாம். 2023 ஜூலையில்தான் அது திறந்தது. ஒரு வருடம் முன்பே திறந்திருந்தால் எனக்கு 850 ரூபாய் மிச்சம்.

சரி, பைக்கு வருவோம். இங்கேதான் நான் கஞ்சத்தனம் காட்டினேன், இங்கேதான் அடியும் விழுந்தது. இணையத்தில் 20 பை 700 ரூபாய் என்று வந்ததும் யோசிக்காமல் வாங்கினேன். அடுத்த பங்குனிக்குள் விளிம்பு பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்தது. காய்த்துக்கொண்டிருந்த வெண்டையோடு ஒரு பையை நகர்த்தப் போனேன். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் தடித்த எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பை, 15க்கு 15 அங்குலம், ஒன்று 70 ரூபாய்க்கு அதன் பிறகு வாங்கினேன். மூன்றாவது கோடையையும் பார்த்துவிட்டது. வருடக் கணக்கில் பார்த்தால் 35 ரூபாய்ப் பையைவிட இதுதான் மலிவு. அரிசிச் சாக்கும் வைத்துப் பார்த்தேன், எட்டு மாதம் வந்தது. 20 லிட்டர் பெயின்ட் வாளி பழைய சாமான் கடையில் 50 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அடியில் ஐந்தாறு துளை போட்டால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் அதைவிட வேறென்ன வேண்டும். கீரைக்கு மீன் கடைத் தெர்மகோல் பெட்டி. கேட்டால் சும்மாவே தருகிறார்கள், இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டால் வாடை போய்விடும். பூனைகளுக்கு மட்டும் போகாது.

தோட்டக்கலைத் துறையின் மானியத் தொகுப்பும் ஒன்று வாங்கினேன். ஆறு பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், ஆறு வகை விதை, உயிர் உரங்களான அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, வேர் நோயைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா விரிடி, வேப்ப எண்ணெய், கையேடு எல்லாம் சேர்த்து 450 ரூபாய்க்கு வந்தது. மானிய விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டு முதலில் வாங்க வேண்டியது இதுதான். தனித்தனியாகத் தேடி வாங்கினால் இந்த விலைக்குக் கட்டாது. செம்மண்ணும் எருவும் மட்டும் நான் கூடச் சேர்த்தேன்.

நார்க்கழிவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெளிக் கடை ஒன்றில் 5 கிலோ கட்டி வாங்கி, ஊறவைத்து அப்படியே பையில் போட்டேன். பத்தே நாளில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. உப்பு. எங்கள் போர்த் தண்ணீரும் உப்பு, இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிட்டன. இப்போது ஊறவைத்துப் பிழிந்து, மூன்று நான்கு முறை அலசி, வடியும் தண்ணீர் காபி நிறத்திலிருந்து வெளிர்ந்த பிறகுதான் கலக்கிறேன். ஐப்பசி மழையில் பைகளை நன்றாக நனையவிடுவதும் இதற்காகத்தான். வருடம் முழுக்கச் சேர்ந்த உப்பு கொஞ்சமாவது கழுவிப் போகும். பையைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள், நடு மாடியைவிடச் சுவரோரம் நல்லது. நனைந்த பை ஒன்று 25 கிலோவுக்குக் குறையாது.

விதையில் நான் ஏமாந்தது படத்தைப் பார்த்து. 30 வகை விதை ஒரே தொகுப்பில் 500 ரூபாய் என்றார்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து விதை. பாதி முளைக்கவில்லை, முளைத்ததில் பாதி இந்த ஊரில் தலைகாட்டக் கூடாத இனம். ப்ரோக்கோலி மதுரை மாடியில் என்ன செய்யும் பாவம். உரக்கடையில் 10 கிராம் பாக்கெட்டாக நாலே நாலு வகை வாங்குவது உத்தமம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 தக்காளி எனக்கு நன்றாக வருகிறது. காம்புப் பக்கம் பச்சையாகவே இருக்கும், பழுக்கவில்லை என்று நினைத்து முதல் காய்களைச் செடியிலேயே அழுகவிட்டேன். வெண்டையில் அர்கா அனாமிகா. மஞ்சள் நரம்பு நோயைத் தாங்க வேண்டும் என்றே உருவாக்கிய ரகம். இந்த இரண்டிலும் விதை எடுத்து மறுபடி போடலாம். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்துப் போட்டு, ஒரே வரிசையில் ஐந்து விதமான காய் காய்த்ததையும் பார்த்திருக்கிறேன்.

கொத்தமல்லிக்கும் வெந்தயத்துக்கும் விதைப் பாக்கெட் வாங்குவது போன்ற பைத்தியக்காரத்தனம் வேறில்லை. கீழமாசி வீதியில் சமையலுக்கு வாங்கும் அதே மல்லியை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட்டால் போதும். பொன்னாங்கண்ணியையும் புதினாவையும் கீரைக்கட்டில் வரும் தண்டை நட்டே கொண்டுவரலாம். எதிர்வீட்டு அக்கா கொடுத்த கொடி அவரை விதை, சாம்பலில் புரட்டி டப்பாவில் வைத்திருந்தது, மூன்றாவது வருடமாக ஓடுகிறது. "காசு கொடுத்தா முளைக்காதுடா" என்றார். அதனால் கொடுக்கவில்லை.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. பிளாஸ்டிக் பிடி போட்ட மூன்று உருப்படி செட் 600 ரூபாய், செம்மண்ணில் இரண்டாம் நாளே வளைந்தது. கொல்லுப் பட்டறையில் அடித்த களைக்கொட்டு 120 ரூபாய். என் பிள்ளைக்கும் மிஞ்சும். மண்ணில் குத்திப் பார்க்கும் மூன்று-வேலை மீட்டர் 450 ரூபாய். ஈர மண், காய்ந்த மண் எதில் குத்தினாலும் கார அமிலத் தன்மை 7 என்றே காட்டியது. ஈரம் பார்க்க விரலை ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள், அது பொய் சொல்லாது. தெளிப்பானுக்கு மட்டும் கொஞ்சம் செலவழிக்கலாம். லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலையில் தெளிப்பேன். தெளித்து முடித்ததும் வெறும் தண்ணீரை ஓடவிடாவிட்டால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும். ஒன்று அப்படித்தான் போனது.

காய் என்ன கிடைத்தது என்றால், முதல் வருடம் போட்ட காசு வரவில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்ததே, அந்த மாதம் என் மாடியில் தக்காளி நாற்றுப் பருவத்தில் இருந்தது. அது பழுத்தபோது மாட்டுத்தாவணியில் விலை இறங்கிவிட்டது. என் மனைவி இதை இன்னும் விருந்தாளிகளிடம் சொல்கிறாள். கீரை, புதினா, மிளகாய், வெண்டை ஆகியவைதான் உண்மையில் மிச்சம் பிடிக்கின்றன. கீரைக்கட்டு வாங்கி இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. சென்ற வருடம் மொத்தச் செலவு 1,100 ரூபாய், பெரும்பாலும் புண்ணாக்கும் மண்புழு உரமும்.

வருகிற ஆடிக்குப் பீர்க்கங்காய்ப் பந்தல் போட எண்ணம். கடையில் விற்கும் ரெடிமேட் பந்தல் 2,800 ரூபாய் சொல்கிறார்கள். பழைய ஜி.ஐ. இரும்புப் பைப்பை எடைக்கு வாங்கி வந்தால் 12க்கு 6 அடியில் பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார் தெரு முனை வெல்டர். பைப் இன்னும் கிடைக்கவில்லை.