கண்ணாடி மூடியா, வெறும் கருப்புக் குழாயா?

நீச்சல் குளத்தை வெயிலில் சூடாக்க இரண்டு வகைத் தகடுகள் உண்டு. ஒன்று மூடி இல்லாதது: கருப்பு பிளாஸ்டிக்கில் நெருக்கமாக ஓடும் மெல்லிய குழாய்கள், அவ்வளவுதான். இன்னொன்று செப்புக் குழாயையும் உலோகத் தகட்டையும் பெட்டிக்குள் வைத்து, மேலே கண்ணாடி போட்டது.

பார்த்தால் இரண்டாவதுதான் உசத்தி என்று தோன்றும். ஆனால் குளத்துக்குத் தேவை 26 முதல் 28 டிகிரிதான். வெளிக்காற்றும் ஏறக்குறைய அதே சூட்டில் இருந்தால் தகட்டிலிருந்து வெப்பம் அதிகம் தப்பாது. பிறகு கண்ணாடி எதற்கு? அது கொஞ்சம் வெயிலைத் திருப்பியும் அனுப்பிவிடும்.

மூடியில்லாத தகட்டில் தண்ணீர் வேகமாக ஓட வேண்டும். பெரும்பாலும் வடிகட்டியின் பம்பே போதும். திரும்பி வரும் தண்ணீரில் கை வைத்தால் லேசான வெதுவெதுப்புதான் தெரியும். பழுதோ என்று பதற வேண்டாம், அதுதான் சரி. தகடு கொதித்தால்தான் வெப்பம் காற்றில் வீணாகிறது. ஒரே சிக்கல் இடம்: குளத்தின் பரப்பில் பாதியாவது வேண்டும், குளிர்ந்த ஊரென்றால் இன்னும் கூடுதலாக. இரவில் குளத்தை மூடி வைத்தால் இந்தத் தகட்டுப் பரப்பு நன்றாகக் குறையும், ஏனென்றால் வெப்பத்தில் பெரும்பகுதி ஆவியாகித்தான் போகிறது.

ஸ்பா, அதாவது உட்கார்ந்து ஊறும் வெந்நீர்த் தொட்டி, விஷயம் வேறு. 38 முதல் 40 டிகிரி வேண்டும், அதுவும் குளிர் நாளில். அங்கே கண்ணாடித் தகடு கொடுத்த காசுக்கு உழைக்கும். அப்புறம், ஸ்பா தண்ணீரை நேராகச் செப்புக் குழாயில் விடாதீர்கள். குளோரின் அதை அரித்துவிடும், நடுவில் வெப்பமாற்றி (தண்ணீரைக் கலக்காமல் வெப்பத்தை மட்டும் கடத்தும் கருவி) கட்டாயம்.