'ஸ்மால் காட்ஸ்': வாசிப்பு வட்டத்துக்கு ஏற்ற நாவலா?

வாசிப்பு வட்டத்துக்குப் புத்தகம் தேடுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் 'ஸ்மால் காட்ஸ்' நாவலைத் தயங்காமல் எடுக்கலாம், உங்கள் வட்டத்தில் சாமி கும்பிடுகிறவர்கள் இருந்தாலும் சரி, கும்பிடாதவர்கள் இருந்தாலும் சரி. 1992இல் வந்த இது, டிஸ்க்வேர்ல்ட் என்ற தட்டையான கற்பனை உலகில் நடக்கும் அவருடைய நாவல் வரிசையில் 13ஆவது. முந்தைய பன்னிரண்டைப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, இது தனிக்கதை.

ஓம்னியா என்று ஒரு நாடு. அதன் பெருங்கடவுள் பெயர் ஓம். பெயரைப் பார்த்து நம் ஊர்க் கதை என்று நினைத்துவிட வேண்டாம், பிராட்செட் மனதில் இருப்பது ஐரோப்பாவின் பழைய மத விசாரணை மன்றங்கள். காளை மாதிரி ஏதாவது கம்பீரமான உருவத்தில் பூமிக்கு வர நினைத்த ஓம், ஒரு சின்ன ஆமையாக வந்து மூன்று வருடம் சிக்கிக்கொள்கிறார். காரணம், கடவுள்களின் பலம் மக்களின் நம்பிக்கையில் இருக்கிறது, ஆனால் பிரம்மாண்டமான கோயிலும் ஆயிரக்கணக்கான குருமார்களும் உள்ள நாட்டில் ஓமை உண்மையாக நம்புகிறவன் ஒரே ஒருவன்தான். தோட்டத்தில் முலாம்பழப் பாத்தி கொத்தும் புருதா. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் ஒருமுறை பார்த்ததை மறக்கவே மாட்டான். மற்றவர்கள் எல்லாரும் நம்புவது விசாரணைத் தலைவன் வோர்பிஸின் மேல் உள்ள பயத்தை.

எங்கள் வட்டத்தில் பேச்சு சூடுபிடித்தது இந்த இடத்தில்தான். இது மதத்தைக் கிண்டல் செய்கிற புத்தகம் என்று முதலில் தயங்கிய அக்கா ஒருவர்தான், கடைசியில் புருதாவுக்காக அதிகம் வாதாடினார். பக்தியை எங்கேயும் கேவலப்படுத்தவில்லை, பக்தியின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் அமைப்பைத்தான் போட்டுத் தாக்குகிறார் என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. இறை நம்பிக்கை இல்லாத நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை, கடவுளையே ஆமையாக்கிய பிறகு இன்னும் என்ன மிச்சம் என்று கேட்டார். அந்தக் கேள்வியும் நியாயமானதுதான்.

நகைச்சுவைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக 1633இல் கலிலியோவை மத விசாரணை மன்றம் மிரட்டிப் பின்வாங்க வைத்ததே, அதை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறார்: இங்கே உலகம் நிஜமாகவே தட்டை, நான்கு யானைகள் சுமக்க, அவற்றை ஒரு மாபெரும் ஆமை சுமக்கிறது (கூர்மாவதாரம் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகவே இல்லை), அதைச் சொன்னால் உயிர் போகும், ஏனென்றால் ஓம்னிய மதம் உலகம் உருண்டை என்கிறது. பீப்பாயில் வசிக்கும் பார்வையற்ற தத்துவ ஞானி டிடாக்டிலோஸை வோர்பிஸ் மிரட்டும்போது, சரி உருண்டைதான், பரவாயில்லை என்று உடனே சொல்லிவிட்டு, அடுத்த நொடி கையிலிருந்த விளக்கை வீசி எறிந்து 'ஆனாலும் ஆமை நகர்கிறது' என்று கத்துகிறாரே, அங்கே சிரிப்பும் சிலிர்ப்பும் சேர்ந்தே வரும்.

குறைகளும் உண்டு. பெண் பாத்திரங்கள் கிட்டத்தட்ட இல்லை. தொடக்கம் பல இடங்களுக்குத் தாவுகிறது, கடைசிப் போர்ப் பகுதி அவசரம். அத்தியாயமே பிரிக்காமல் எழுதியிருப்பதால், 'இந்த வாரம் இதுவரை' என்று பங்கு வைப்பது சிரமம். அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள், பாதிச் சிரிப்பு அங்கேதான். ஆங்கிலத்தில் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் ஆண்டி செர்கிஸ் வாசித்த ஒலிப்புத்தகத்தைக் கேட்டுக்கொண்டே படிக்கலாம், அதில் அடிக்குறிப்புகளை மட்டும் பில் நை வாசிக்கிறார்.

இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முதல் கூட்டத்துக்குப் பாலைவனம் தொடங்கும் வரை படித்து வரச் சொல்லுங்கள். இரண்டாவதில் பாதி நேரத்தையாவது, நினைவிழந்து கிடக்கும் வோர்பிஸை, ஆமைக் கடவுள் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்காமல், புருதா ஏன் பாலைவனம் முழுக்கச் சுமந்து போனான் என்பதற்கு ஒதுக்குங்கள். எங்களுக்கு நேரம் போதவில்லை.