விலைக்கழிவு என்று சொல்லி வாங்கிய 78,000 ரூபாய்: மட்டக்களப்பு, அம்பாறை உறவுகள் கவனத்துக்கு

78,000 ரூபாய், பயண முகவர் ஒருவரிடம் நான் இழந்த பணம். முதலில் தொகையை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நான்கு நாட்களாக என் தலைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை. விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போக நினைத்திருக்கும் பெற்றோர் தயவுசெய்து இதைக் கடைசிவரை வாசியுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று முடிவில் விரிவாக எழுதுகிறேன்.

என் மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஒன்றரை வருடம் படித்தாள். பின்னேர வகுப்பு, சனி வகுப்பு, ஞாயிறு வகுப்பு என்று விளையாட்டே இல்லாமல் போனது. பரீட்சை முடிந்ததும் கொழும்புப் பக்கத்தில் உள்ள நீர்ச்சறுக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதாக நானும் அவளுடைய அப்பாவும் வாக்குக் கொடுத்திருந்தோம். அதைக் கேட்ட என் தங்கையின் பிள்ளைகளும் ஆசைப்பட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா குடும்பம் சேர்ந்தது. மாமியும் வருகிறேன் என்றார். அறுபத்தெட்டு வயதில் அவர் இப்படி ஓர் இடத்துக்குப் போனதே இல்லை. பெரியவர்கள் ஒன்பது, சிறுவர்கள் ஐந்து, மொத்தம் பதினான்கு பேர்.

2017இல் என் மகனுடைய பாடசாலைச் சுற்றுலாவில் நானும் அதே இடத்துக்குப் போயிருக்கிறேன். அப்போது மாணவர்களுக்குக் கழிவு இருந்தது. கூடப் போன ஆசிரியர்களிடம் காசு வாங்கவில்லை. மதியச் சாப்பாடும் டிக்கெட்டோடு சேர்ந்தே வந்தது. அந்த நினைவோடுதான் இந்த முறை விலை விசாரித்தேன். டிக்கெட் விலையைக் கேட்டதும் வயிறு கலங்கியது. விலை ஏன் ஏறியது என்று எனக்கும் தெரியும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணத்தைச் சராசரியாக 75 சதவீதம் கூட்டினார்கள், அடுத்த பெப்ரவரியில் மறுபடியும் கூட்டினார்கள். 2022 மே வரை 8 சதவீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. நாள் முழுவதும் தண்ணீரை மேலே ஏற்றிக் கீழே விடுகிற இடத்தில் விலை ஏறாமல் இருக்குமா? அதில் எனக்குக் கோபமில்லை. ஏறிய விலையைக் கழிவு என்ற சொல்லுக்குப் பின்னால் மறைக்கிறார்களே, அதில்தான் கோபம்.

விலையைக் கேட்டுத் தயங்கியிருந்த நேரத்தில்தான் முகநூலில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. "கிழக்கு மாகாணக் குடும்பங்களுக்கு மட்டும், சென்ற வருட விலையில்." நமது பக்கத்துப் பயண முகவர் ஒருவர். போட்டோக்கொப்பிக் கடை ஒன்றின் மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, சுவரில் விமானப் படம். பெயர் சொல்லப் போவதில்லை. முறைப்பாடு செய்திருக்கிறேன், அது நடக்கட்டும்.

அந்த அறையில் நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

முப்பது வயது இருக்கும் அந்தத் தம்பிக்கு. "அக்கா, இருங்கள்" என்று கதிரையைத் துடைத்துக் கொடுத்தார். கீழே ஆள் அனுப்பித் தேநீர் எடுப்பித்தார். மகளிடம் பெயர் கேட்டார், எந்தப் பாடசாலை என்று கேட்டார், பரீட்சை எப்படி என்று கேட்டார். சுருள் சறுக்குப் பிடிக்குமா, நேர்ச் சறுக்குப் பிடிக்குமா என்று கைபேசியில் படம் காட்டினார். பிறகு எங்கள் முன்னாலேயே பூங்காவுக்கு அழைப்பு எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டார். மறுபக்கத்தில் ஒரு பெண் சிங்களத்தில் பேசினார். பதினான்கு பேர், சனிக்கிழமை, சரி என்ற மூன்றும் எனக்கே விளங்கின. அதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். பேசியது பூங்காவின் பெண்தானா, வேறு யாராவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆளுக்கு 7,000. அதற்குள் டிக்கெட், மதியச் சாப்பாடு, ஓர் இரவு தங்கும் அறை, காலை உணவு. பதினான்கு பேருக்கு 98,000. முழுப் பணத்தையும் அந்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால்தான் பழைய விலை, தவறினால் புதிய விலை என்றார். நிறுவனத்தின் வங்கிக் கணக்கைக் கேட்டேன். கேட்டேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். "நிறுவனக் கணக்கில் போட்டால் 18 சதவீத வரி சேரும் அக்கா. உங்களுக்காகத்தான் சொல்கிறேன், என் சொந்தக் கணக்கில் போடுங்கள், அந்தக் காசு உங்களுக்கு மிச்சம்" என்றார்.

நான் பிரதேச செயலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர். ஒரு முத்திரை, ஒரு கையொப்பம் குறைந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறவள். அப்படிப்பட்ட நான் 98,000 ரூபாயை முன்பின் தெரியாத ஒருவருடைய சொந்தக் கணக்கில் வைப்பிலிட்டேன். கழிவு என்ற ஒரு சொல் என் கண்ணைக் கட்டிவிட்டது. நம்ம ஊர்ப் பிள்ளை என்ற எண்ணம் மிச்சத்தைச் செய்தது.

அந்தப் பணம் என்னுடையது மட்டுமல்ல. தங்கை சீட்டு எடுத்த காசிலிருந்து தந்தாள். மாமி பன்பாய் இழைத்து விற்கிறவர். தன் பங்கு 7,000 ரூபாயைப் பழைய கலண்டர் தாளில் மடித்து என் கையில் வைத்தார். எல்லாம் நூறும் ஐந்நூறுமான தாள்கள். ஓரத்தில் பாய்க்குப் போடும் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. பிள்ளைகளோடு போகிறேன், என் செலவை நானே பார்க்கிறேன் என்றார்.

வெள்ளி இரவு ஒன்பது மணிக்குக் களுவாஞ்சிக்குடியிலிருந்து உறவுக்காரத் தம்பி ஒருவரின் வானில் புறப்பட்டோம். பிள்ளைகள் மன்னம்பிட்டி தாண்டும்வரை தூங்கவில்லை. காலை பூங்கா வாசலுக்குப் போய் டிக்கெட் யன்னலில் பற்றுச்சீட்டை நீட்டினேன். அந்தப் பெண் கணினியைப் பார்த்தார், பற்றுச்சீட்டைப் பார்த்தார், மறுபடியும் கணினியைப் பார்த்தார். எங்கள் பெயரில் 20,000 ரூபாய் முற்பணம் மட்டுமே கட்டப்பட்டிருக்கிறது என்றார். மிச்சத்தை இன்றைய விலையில் கட்ட வேண்டும். இன்றைய விலை ஆளுக்கு 5,200.

நான் கட்டியது 98,000. பூங்காவுக்குப் போனது 20,000. மிச்சம் 78,000 ரூபாய் அந்த மாடி அறையிலேயே நின்றுவிட்டது.

சரி, கழிவாவது கிடைக்குமா என்று என் கணவர் கேட்டார். கூட்டமாக வருவோருக்கான கழிவு இருபது பேருக்கு மேல்தானாம். அதுவும் வார நாட்களில் மட்டும், பாடசாலை விடுமுறையில் இல்லையாம். பாடசாலை விடுமுறையில் இல்லாத குடும்பக் கழிவை எந்தக் குடும்பம் பயன்படுத்தும்? சிறுவர்களுக்கு அரை டிக்கெட் என்றால் வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறார்கள். வாசலில் மஞ்சள் நிறத்தில் ஓர் அளவுக் கம்பம் நின்றது. தங்கையின் கடைசி மகன், ஐந்து வயது, முதுகை ஒட்டி நின்று தோளைக் குறுக்கிப் பார்த்தான். மூன்றடிக் கோடு அவனுடைய காதுக்குக் கீழே இருந்தது. ஐந்து பிள்ளைகளுக்கும் முழு விலை.

விலைப் பலகைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். இலக்கங்களின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிப் புது விலை எழுதியிருந்தார்கள். ஒரு மூலை உரிந்திருந்தது. அதற்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதற்கும் அடியில் "மதிய உணவு உட்பட" என்பதன் பாதி தெரிந்தது.

எங்கள் கையில் இருந்த காசில்தான் வானுக்கு எரிபொருள் அடிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், ஊர் திரும்ப வேண்டும். எல்லோருமாக யோசித்துப் பிள்ளைகள் ஐவரையும், கூட இரண்டு பேரையும் மட்டும் உள்ளே அனுப்பினோம். ஏழு பேருக்கு 36,400. முற்பணம் 20,000 போக 16,400 கட்டினோம். மற்ற ஏழு பெரியவர்களும் வாகனத் தரிப்பிடத்து மரத்தடியில் மாலைவரை இருந்தோம். உள்ளே இருந்து பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாமி நீச்சலுக்கென்று புதிதாக வாங்கிய உடுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பிள்ளைகள் போனார்கள்தானே மகள், அது போதும்" என்றார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தங்குமிடத்துக்கு அழைத்துக் கேட்டோம். எங்கள் பெயரில் அறையே இல்லை. இரவோடு இரவாகத் திரும்பினோம். முந்தைய இரவும் தூங்காமல் வான் ஓட்டிய தம்பியை ஹபறணையில் நிறுத்தி இரண்டு மணித்தியாலம் தூங்க வைத்தோம். வழியில் ஏதாவது நடந்திருந்தால் யார் பதில் சொல்வது?

இனி முகவரின் பதில்கள். சனிக்கிழமை வாசலில் நின்று எடுத்த முதல் அழைப்புக்கு, "அக்கா, ஒரு கூட்டத்தில் இருக்கிறேன், ஐந்து நிமிடம்." அந்த ஐந்து நிமிடம் மாலைவரை வரவில்லை. இரவு வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு: பூங்காக்காரர்கள் திடீரென்று விலையை மாற்றிவிட்டார்கள், தானும் பாதிக்கப்பட்டவர்தான். விலை மாறினால் நான் கட்டிய பணம் எங்கே என்று கேட்டேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. திங்கள் காலை போனேன், கதவு பூட்டு. கீழே போட்டோக்கொப்பிக் கடைப் பையன் "நேற்றுக்கூட வந்தாரே" என்றான். செவ்வாய் போனேன், பூட்டு. வேறு இலக்கத்திலிருந்து அழைத்ததும் உடனே எடுத்தார். என் குரல் கேட்டதும் பேச்சு மாறியது. பற்றுச்சீட்டின் பின்பக்கத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், ஆங்கிலத்தில், விலைகள் முன்னறிவிப்பின்றி மாறலாம், செலுத்திய பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று இருந்தது. அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னை எரித்தது. "பணமாகத் தர ஏலாது அக்கா. டிசம்பரில் இன்னொரு பயணம் போடுகிறேன், உங்களுக்கு மட்டும் 15 சதவீதம் கழிவு."

இன்னும் கழிவு! 78,000 ரூபாயை விழுங்கிவிட்டு அதே தூண்டிலை மறுபடியும் போடுகிறார்.

பூங்காவுக்கும் அழைத்தேன். அவர் எங்கள் முகவரே அல்ல, எவரும் முற்பணம் கட்டலாம் என்றார்கள். அவ்வளவுதான், வைத்துவிட்டார்கள். தங்கள் பெயரையும் படத்தையும் போட்டு ஊரில் ஒருவர் விற்கிறார் என்று சொன்னதற்குக்கூட ஒரு கேள்வி இல்லை.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணனிடம் சொல்லி அழுதேன். அங்கும் இதே கதைதான் என்றார். பிள்ளைகளோடு புளோரிடாவில் டிஸ்னிக்குப் போனவர். வரிசையில் நிற்காமல் போவதற்கு 1999 முதல் இலவசமாகக் கொடுத்த சீட்டை 2021இல் நிறுத்திவிட்டுக் காசுக்கு விற்கத் தொடங்கினார்களாம். விமான நிலையத்திலிருந்து ஏற்றிப்போன இலவச பஸ்ஸும் 2022இல் நின்றதாம். டிக்கெட் விலை நாளுக்கு நாள் வேறு, விடுமுறை நாளில் உச்சம். கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னியில் உச்ச நாளின் ஒரு நாள் டிக்கெட் 2024இல் 200 டொலரைத் தாண்டிவிட்டது. ஆனால் எந்தத் திகதிக்கு என்ன விலை என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றார். இங்கே அதுவும் இல்லை. முந்நூறு கிலோமீற்றர் போய் யன்னலில் நின்ற பிறகுதான் எனக்கு அன்றைய விலை தெரிந்தது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சொல்கிறேன். எவர் என்ன காரணம் சொன்னாலும் தனிநபர் கணக்கில் பணம் போடாதீர்கள், வரி மிச்சம் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பூங்காவுக்கு உங்கள் கைபேசியிலிருந்து நீங்களே அழைத்து, நீங்கள் போகும் திகதியின் விலையைக் கேளுங்கள். முகவர் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்தவரா என்று 1912க்கு அழைத்து விசாரியுங்கள். நான் பணம் போன பிறகுதான் விசாரித்தேன். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தை வாசியுங்கள். ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977.

பொலிஸில் முறைப்பாடு எழுதிவிட்டார்கள். பற்றுச்சீட்டு, வங்கிச் சீட்டு, குரல் பதிவு எல்லாம் கொண்டு வரச் சொன்னார்கள், கொடுத்தேன். நாளை அரை நாள் லீவு போட்டு நுகர்வோர் அதிகார சபையின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போகிறேன். அதே முகவரிடம் பணம் கட்டியவர்கள் வேறு யாரும் இருந்தால், விளம்பரத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும், எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து போவோம். மாமியின் 7,000 ரூபாயை இன்று என் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.