குழந்தைகளுக்கான ஸ்பேசர்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டில் அறிந்தவை

என் மகளுக்கு மூன்று வயதில் ஆஸ்துமா என்று உறுதியானபோது, மருத்துவர் தந்த சீட்டில் இரண்டு இன்ஹேலர்களும், இன்ஹேலரில் பொருத்தும், முகக்கவசத்தோடு கூடிய ஸ்பேசர் என்ற குழல் ஒன்றும் எழுதப்பட்டிருந்தன. மருந்துக்கடைக்காரர் இன்ஹேலர்களை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, "டப்பா எதற்கு சார், வாயில் வைத்து நேராக அடித்தாலே போதும்" என்றார். அதை நம்பிப் பத்து நாள் அப்படியே கொடுத்தோம். இரவு இருமலும் இழுப்பும் குறையவே இல்லை. மருந்து சரியில்லை என்று நினைத்தோம். உண்மையில் மருந்து அவள் நுரையீரலுக்குப் போய்ச் சேரவே இல்லை.

இன்ஹேலரை அழுத்தும் அதே கணத்தில் மூச்சை மெதுவாக உள்ளிழுக்க வேண்டும். பெரியவர்களுக்கே கைவராத இந்த ஒத்திசைவைச் சிறு குழந்தையிடம் எதிர்பார்க்க முடியாது. வேகமாகப் பீறிடும் மருந்தில் பெரும்பங்கு நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடுகிறது. ஸ்பேசர் என்பது அந்த மருந்துப் புகையைச் சில நொடிகள் தேக்கிவைத்து, குழந்தை இயல்பாக மூச்சுவிடும்போதே உள்ளே போகச் செய்யும் ஒரு பிளாஸ்டிக் குழல்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த எளிய பொருள் எங்கள் வீட்டின் இரவுகளை மாற்றியது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

வாங்குகிறவர்கள் வால்வு உள்ளதையே வாங்குங்கள். முகக்கவசத்தை ஒட்டியிருக்கும் மெல்லிய சிலிகான் இதழ் மூச்சை இழுக்கும்போது திறப்பதையும், விடும்போது மூடிக்கொள்வதையும் கண்ணால் பார்க்கலாம். அந்த அசைவை எண்ணித்தான் ஐந்தாறு மூச்சு ஆயிற்றா என்று நான் கணக்கு வைக்கிறேன். இதழ் அசையவில்லையென்றால் மூக்கோரம் கவசம் சரியாகப் படியவில்லை என்று பொருள். அழுகிற குழந்தைக்கு அழுத்திப் பிடித்துக் கொடுத்தாலும் மருந்து சரியாக உள்ளே போகாது என்று மருத்துவர் சொன்னார். ஆகவே முதல் வாரம் வெறும் கவசத்தைப் பொம்மைக்கு வைத்து, பிறகு எனக்கு வைத்து, அதன்பின் அவளுக்கு வைத்துப் பழக்கினோம்.

எல்லோரும் செய்கிற பிழை ஒன்றை நாங்களும் செய்தோம். நேரம் மிச்சமாகும் என்று இரண்டு பஃப்களை (இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது ஒரு பஃப்) ஒன்றாக அடித்தோம். அப்படிச் செய்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து குழலிலேயே ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு முறையும் இன்ஹேலரைக் குலுக்கி, ஒரே ஒரு பஃப் அடித்து, மூச்சை எண்ணி முடித்து, அரை நிமிடமாவது விட்டே அடுத்ததைத் தர வேண்டும். தினசரி தரும் ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு வாயைக் கொப்பளிக்க வைத்து, கவசம் பட்ட இடத்தையும் துடைத்துவிட வேண்டும்.

கழுவுவதிலும் கவனம் தேவை. நான் துணியால் பளபளவென்று துடைத்து வைத்தேன். மறுநாள் குழலின் உட்சுவரில் வெள்ளைப் படலமாக மருந்து ஒட்டியிருந்தது. துடைப்பதால் பிளாஸ்டிக்கில் நிலைமின்னூட்டம் உண்டாகி, மருந்தை அது இழுத்துக்கொள்கிறது. வெதுவெதுப்பான நீரில் சில சொட்டுப் பாத்திர சோப்பைக் கலந்து கழுவி, துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். மாதம் ஒருமுறை போதும்.

குறைகளும் உண்டு. பள்ளிப் பையில் அடங்காத அளவு பெரியது. எங்கள் முதல் ஸ்பேசரின் வால்வு ஓராண்டில் விறைத்துப்போய் மாற்ற வேண்டியதாயிற்று. கையேடு முழுவதும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. தமிழ் மட்டுமே அறிந்த பாட்டி வீட்டில் தனியாக இருக்கும்போது இழுப்பு வந்தால் என்ன செய்வார்? மருந்தை ஆவிபோல ஆக்கித் தரும் மின்கருவியான நெபுலைசர்தான் உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் லேசான, நடுத்தரமான இழுப்புக்கு ஸ்பேசர் வழியே தரும் சால்புடமால் என்ற மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து அதற்கு நிகராகவே வேலை செய்கிறது, மின்சாரமும் தேவையில்லை.

இந்தக் கருவி எதற்குப் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். என் மகளுக்கு முந்திரி ஒவ்வாமையும் உண்டு. அது எங்களுக்குத் தெரியவந்ததே ஒரு திருமண விருந்தில்தான். குருமாவில் அரைத்துவிட்ட முந்திரி உள்ளே போன கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, அதன்பின் இழுப்பு. நாங்கள் வழக்கமான ஆஸ்துமா என்றெண்ணி ஸ்பேசரை எடுத்தோம். மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகே அவள் தெளிந்தாள். சால்புடமால் மூச்சுக்குழாயை மட்டுமே விரிக்கும். கடுமையான ஒவ்வாமையில் சரிகிற இரத்த அழுத்தத்தையோ தொண்டை வீக்கத்தையோ அது தடுக்காது; அதற்கு அட்ரினலின்தான் வேண்டும். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத குழந்தைக்கு இத்தகைய ஒவ்வாமை இன்னும் கடுமையாகும் என்பதால், நன்றாக இருக்கும் நாளிலும் தினசரி இன்ஹேலரை நிறுத்தாதீர்கள் என்றார் மருத்துவர்.

பொட்டலத்தில் விற்கும் உணவில் நிலக்கடலை, முந்திரி, பால், முட்டை போன்றவை இருந்தால் அதை உறையில் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பந்தி இலைக்கு அப்படி உறை ஏது? ஆகவே சமையற்காரரையே தேடிப்போய்க் கேட்கிறோம். பள்ளியில் வகுப்பு ஆசிரியையிடம் ஸ்பேசர், சால்புடமால் இன்ஹேலர் ஆகியவற்றோடு மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு தாளையும் கொடுத்து வைத்திருக்கிறோம். சாப்பிட்ட பின் தடிப்பும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால் ஸ்பேசர் தந்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, அட்ரினலினுக்காக உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அதில் முதல் வரியாக, தமிழில், பெரிய எழுத்தில் இருக்கிறது.