கீட்டோனை ஒடுக்க எது: போரானா, ருத்தேனியமா, பாக்டீரியா நொதியா?

கீட்டோனை ஒடுக்குவது என்றால் அதில் ஹைட்ரஜனைச் சேர்த்து ஆல்கஹாலாக மாற்றுவது. கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் தட்டையான கீட்டோன் தொகுதியில் ஹைட்ரஜன் எந்தப் பக்கமாக வந்து ஒட்டுகிறதோ, அதைப் பொறுத்து இரண்டு ஆல்கஹால்கள் உருவாகும். ஒரு ஜோடிச் செருப்பின் வலதும் இடதும் போல. சாதாரண சோடியம் போரோஹைட்ரைடு போட்டால் இரண்டும் பாதிப் பாதி. மருந்துக்கு வேண்டியது பெரும்பாலும் ஒன்றுதான். அந்த ஒன்றை மட்டும் எடுக்க மூன்று வழிகள் இன்று போட்டியில் இருக்கின்றன. அதில் இரண்டு, ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் மான்டெலுகாஸ்ட் மாத்திரையின் தயாரிப்பில் நேருக்கு நேர் மோதியிருக்கின்றன. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மெர்க் நிறுவனம் முதலில் பயன்படுத்தியது டிஐபி குளோரைடு என்ற போரான் சேர்மம். ஹெர்பர்ட் பிரவுனின் ஆய்வகத்தில் பிறந்தது; டர்பன்டைனில் உள்ள ஆல்பா-பைனீனிலிருந்து செய்வது. வேலையைச் செய்துவிடும், ஆனால் பாடாய்ப் படுத்தும். கலத்தை -20 முதல் -25 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். ஈரம் படவே கூடாது, தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். இது வினையூக்கியும் அல்ல: ஒரு பங்கு கீட்டோனுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு செலவாகிறது. வினை முடிந்த பிறகு போரான் உப்பையும் பைனீன் மிச்சத்தையும் பிரித்தெடுக்கக் கரைப்பான் லிட்டர் லிட்டராகப் போகும். கிடைக்கும் ஆல்கஹாலின் ஒருபக்க மிகை (வேண்டிய கையின் சதவீதத்திலிருந்து தப்பான கையின் சதவீதத்தைக் கழித்தது) சுமார் 97 சதவீதம். அதாவது நூறில் ஒன்றரைப் பங்கு தப்பான கை. அதைப் படிகமாக்கித்தான் கழிக்க வேண்டும்.

இதற்கு மாற்றாக கோடெக்சிஸ் நிறுவனம் கொண்டுவந்த நொதி முறை 2010-ல் வெளியானது. 45 டிகிரி வெப்பம். தண்ணீர், ஐசோபுரொப்பனால், டொலுவீன் சேர்ந்த கலவை. லிட்டருக்கு 100 கிராம் கீட்டோன், 230 கிலோ அளவு வரை செய்து காட்டினார்கள். ஒருபக்க மிகை 99.9 சதவீதத்துக்கும் மேல்.

எண்களை விட எனக்குப் பிடித்தது அந்தக் கலத்துக்குள் நடப்பதுதான். இந்தக் கீட்டோன் தண்ணீரில் கரையவே கரையாது. வினை தொடங்கும்போதும் கூழ், முடியும்போதும் கூழ். கரைந்த துளியை மட்டும் நொதி பிடித்து மாற்றுகிறது. உருவான ஆல்கஹால் ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்துக்கொண்டு படிகமாக அடியில் இறங்கிவிடுகிறது. விளைபொருள் இப்படி வெளியேறிக்கொண்டே இருப்பதால் வினை பின்னால் திரும்ப வழியில்லை. கடைசியில் வடிகட்டி எடுத்தால் போதும்.

இவ்வளவும் இயற்கையிலிருந்து எடுத்த நொதியால் நடந்துவிடாது. அமினோ அமிலங்களை மாற்றி மாற்றி, பிழைத்ததை மட்டும் அடுத்த சுற்றுக்கு எடுத்துச்சென்று வளர்த்த நொதி அது. இப்படி நொதி வளர்க்கும் கலைக்குத்தான் பிரான்சிஸ் அர்னால்டு 2018-ல் நோபல் பெற்றார். அதற்கான உழைப்பையும் மாதக்கணக்கையும் மறைத்துவிட்டு நொதி மலிவு என்று சொல்வது நியாயமில்லை.

சரி, ருத்தேனியம்? எளிய கீட்டோன் என்றால் ஜப்பானிய வேதியியலாளர் நொயோரியின் ருத்தேனிய வினையூக்கியை மிஞ்சுவது கடினம். 601 கிராம் அசிட்டோபீனோன் என்ற எளிய கீட்டோனை 2.2 மில்லிகிராம் வினையூக்கி 48 மணி நேரத்தில் முழுக்க மாற்றியது. ஒடுக்குவது ஹைட்ரஜன் வாயு, அதனால் கழிவு மிகக் குறைவு. ஆனால் அந்தச் சோதனையில் 45 வளிமண்டல அழுத்தம் தேவைப்பட்டது, ஒருபக்க மிகையோ 80 சதவீதம்தான். உலோகத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும் ஈந்தணைவி மூலக்கூறை மாற்றினால் 99-க்கு ஏறும், அதற்கு வினையூக்கி கூடுதலாகப் போட வேண்டும். உயரழுத்தக் கலன் இருக்கிறது, டன் கணக்கில் வேண்டும், மூலக்கூறு சிறியது என்றால் நான் தயங்காமல் ருத்தேனியத்தைத்தான் சொல்வேன். மருந்தின் கடைசிப் படிக்கு அருகில் என்றால் யோசிப்பேன், உலோக மிச்சத்தை மைக்ரோகிராம் வரை கணக்குக் காட்ட வேண்டும்.

நொதி என்று முடிவெடுத்தாலும் எந்தப் பாக்டீரியா என்ற கேள்வி வரும். லாக்டோபேசில்லஸ் பிரெவிஸ் நொதி அசிட்டோபீனோனிலிருந்து ஆர் வடிவத்தைத் தரும், அதாவது ஜோடியில் ஒரு கையை. ரோடோகாக்கஸ் ரூபர் நொதி மறு கையான எஸ் வடிவத்தைத் தரும். பின்னது 50 சதவீத ஐசோபுரொப்பனாலிலும் சாகாது, அப்படிப்பட்ட நொதி அபூர்வம்.

அப்புறம் கீட்டோனில் சேர வேண்டிய ஹைட்ரைடு (எலக்ட்ரான் ஜோடியோடு வரும் ஹைட்ரஜன்) எங்கிருந்து வருவது? நொதிக்கு அதைச் சுமந்துவரும் என்ஏடிபிஹெச் அல்லது என்ஏடிஹெச் என்ற துணை மூலக்கூறின் விலை அதிகம். ஒவ்வொரு முறையும் காலியாகும் அந்த வண்டியை உடனே நிரப்பியாக வேண்டும். ஐசோபுரொப்பனால் போட்டால் கீட்டோனை ஒடுக்கும் அதே நொதியே நிரப்பிக்கொள்ளும், அசிட்டோன் வெளியே வரும். அசிட்டோனை நைட்ரஜன் ஓட்டியோ வெற்றிடத்திலோ துரத்தாவிட்டால் வினை நடுவழியில் நின்றுவிடும். குளுக்கோஸ் போட்டால் இரண்டாவது நொதி ஒன்று வேண்டும், ஆனால் திரும்பி வராத பாதை. அதில் குளுக்கோனிக் அமிலம் சேர்ந்துகொண்டே போகும், காரம் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு இரவு காரம் விடும் பம்ப் நின்றுவிட்டது. காலையில் கலவை புளித்து, நொதி திரிந்த பால் போல் அடியில் கிடந்தது. கீட்டோனில் பாதி அப்படியே இருந்தது. அன்றிலிருந்து நொதி தாங்குமானால் முதலில் ஐசோபுரொப்பனாலையே முயல்கிறேன். வினை பாதியில் நின்றால் மட்டும் குளுக்கோஸ், அதுவும் பம்ப் நின்றால் அலறும் மணியோடு.