ரேடியலா, அல்நாரா: கைக்குச் சோறு போடுவது எது?

ஊட்டி, குன்னூரிலிருந்து ஆஞ்சியோவுக்காகக் கோயம்புத்தூருக்கு இறங்கிப் போய் வந்தவர்களின் கையைப் பாருங்கள். பெரும்பாலும் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாகத்தான் கட்டு இருக்கும். சுண்டுவிரல் பக்கமும் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறதே, அதை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே ஒரே தமனி இரண்டாகப் பிரிகிறது. கட்டைவிரல் பக்கம் வருவது ரேடியல், மற்றது அல்நார். பெயரும் புகழும் ரேடியலுக்குத்தான். சித்த வைத்தியர் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பதும் அதில்தான். தோலுக்கு அடியிலேயே, எலும்பின் மேல் படுத்திருப்பதால் தொட்டால் துடிப்பு தெரியும். ஊசியை எடுத்ததும் அமுக்கினால் ரத்தம் நிற்கும். 1989இல் மான்ட்ரியலில் லூசியன் காம்போ இந்த வழியில் இதய ஆஞ்சியோ செய்ததை வெளியிட்ட பிறகு, தொடை வழியை விட்டு மணிக்கட்டுக்கு மாறியவர்கள் ஏராளம். அல்நார் சற்று ஆழத்தில், நரம்பை ஒட்டியே போகிறது. குத்துவதற்குத் தோதில்லை.

ஆனால் உழைப்பு என்று பார்த்தால் என் ஓட்டு அல்நாருக்கு. பொதுவாக அதுதான் பெரியது. உள்ளங்கையில் தோலுக்குப் பக்கமாக இருக்கும் ரத்தக்குழாய் வளைவு முக்கியமாக அதிலிருந்து வந்து, விரல்களுக்குக் கிளை பிரிகிறது. ஆழத்தில் இருக்கும் வளைவு ரேடியலுடையது. கட்டைவிரலும் பெரும்பாலும் அதன் பொறுப்பு. இரண்டு வளைவும் இணைந்திருப்பதால், ஒன்று அடைத்தாலும் பெரும்பாலோருக்குக் கை பிழைத்துக்கொள்ளும். எல்லோருக்கும் இந்த இணைப்பு முழுமையாக இருக்காது என்பதுதான் சிக்கல்.

அதைப் பார்க்க ஆலன் சோதனை உண்டு. கையை இறுக மூடச் சொல்லி, டாக்டர் இரண்டு குழாய்களையும் அமுக்குவார். திறந்தால் உள்ளங்கை வெளுத்திருக்கும். அல்நாரை மட்டும் விடுவார். சில நொடியில் சிவப்பு ஏறினால் சரி. உறைபனிக் காலையில் சில்லிட்ட கையோடு உட்கார்ந்தால் சிவப்பு ஏறத் தாமதமாகலாம். முதலில் கையைச் சூடாக்கிக்கொள்வது நல்லது. ரேடியலுக்குச் சட்டென்று சுருங்கும் குணமும் உண்டு.

அல்நாருக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. உள்ளங்கையின் அடிப்பக்கம், சுண்டுவிரலுக்கு நேராக, அது ஒரு எலும்புக் கொக்கியை உரசிக்கொண்டு போகிறது. ஸ்பானரைக் கையாலேயே தட்டித் தட்டிப் பழகிய தேயிலை ஃபேக்டரி ஃபிட்டருக்கு அங்கே குழாய் சேதமாகி அடைக்கலாம். விரல் வெளுத்து மரத்துப்போகும். குளிர் என்று தள்ளிவிடுவார்கள். ஒரு கையில் மட்டும் அப்படி இருந்தால் கட்டாயம் காட்ட வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆஞ்சியோவுக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். பின்னால் டயாலிசிஸ் தேவைப்பட்டால், மணிக்கட்டில் ஃபிஸ்டுலா, அதாவது தமனியையும் சிரையையும் சேர்க்கும் இணைப்பு, வைக்க அதே ரேடியல்தான் வேண்டும்.